குழாயடியில் கற்றதும் சாவு வீட்டில் கல்லாததும்

(மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், குறைத்துத் தந்தார்கள். மேலே ஒரு விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினார்கள். வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தாளைப் பார்த்துத்தான் பேசுவேன். உங்கள் முகங்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். இந்த மூன்றையும் நாற்பது வயது வரைக்கும் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

நம் லேபர் கேம்ப் பேச்சுக்குப் பேர்போன இடம். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே இங்கே தொழிலாளிகளோடு வாழ்ந்து, அவர்கள் முன்னால் பாடி ஆளானவர். அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 வந்தால் நம் பக்கத்தில் மேடை இல்லாத தெரு கிடையாது. செங்கொடிக்காரர்கள், நீலக்கொடிக்காரர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள் எல்லாரும் தொண்டை வறளப் பேசிய மண். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்க்கிற இடத்தில், வாய் இருந்தும் நேரத்துக்குப் பேச்சு வராத பிள்ளையாக நான் வளர்ந்தேன். ஊர் எனக்கு வைத்த பெயர்கள் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நெஞ்சழுத்தக்காரி. மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவள். கொஞ்சம் கோட்டி. டாக்டர் வைத்த பெயர் 39-ஆம் வயதில் வந்தது. அந்தப் பெயர் ஆட்டிசம்.

பத்திரிகைகளில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு தொடர் வரும். அதை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் என் உடம்பு வேறு சொல்கிறது. புற உலகம் என் மேல் அளவுக்கு மீறி வந்து விழுகிறது, அதுதான் என் பாடு. பக்கத்துக் கார்கானாவில் தோல் தைக்கிற மெஷின், மூன்றாவது கோலி வீட்டில் குக்கர் விசில், எதிர் கோலி டிவி, வாசலில் இரண்டு பேர் பேசுவது, எல்லாம் ஒரே உரப்பில் எனக்குள் நுழையும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று என் மூளை தானாகப் பிரித்துத் தராது. உங்களுக்குப் பிரித்துத் தருகிறது, அதனால் அப்படி ஒரு வேலை நடப்பதே உங்களுக்குத் தெரிவதில்லை.

ஆட்டிசம் ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வது. மனிதர்களோடு கொடுக்கல் வாங்கலாகப் பழகுவதில் சிரமம் இருக்கும். பழகிய ஒழுங்கு மாறினால் தாங்காது. சத்தம், வெளிச்சம், தொடுகை, மணம் இவையெல்லாம் கூடுதலாகவோ குறைவாகவோ உறைக்கும். ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. பேச்சே வராத பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான், தாளைப் பார்த்துப் பேசுகிற எனக்கும் அந்தப் பெயர்தான். பேச வராதவர்களின் கஷ்டத்தை என் கஷ்டத்தோடு நான் ஒப்பிடவில்லை. அவர்களில் பலருக்குத் துணை இருபத்து நாலு மணி நேரமும் வேண்டும். எனக்கு நடந்தது வேறு. என்னை யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் என்னைத் தெரியவில்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நான் பிறந்தது இங்கேதான். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவி தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தோல் வேலை போன பிறகு முனிசிபாலிட்டிக் குப்பை லாரியில் ஏறினார். பத்துக்குப் பத்து கோலி, ஆறு பேர்.

விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். எங்கள் சந்தின் குழாயடிக்கு ஒரு சட்டம் இருந்தது. நேற்றைக்குக் கடைசியில் நின்ற வீடு இன்றைக்கு முதலில். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு குடம் கூட. வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் செல்லும், வாளியை வைத்துவிட்டுப் போனால் செல்லாது. என் வயதுப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டே வந்த இடத்துக்கு நான் ஓடிப் போவேன். அங்கே யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்பது வாய்விட்டுச் சொல்லப்பட்டிருந்தது. சண்டாஸ் என்கிற பொதுக் கழிப்பறை வரிசையும் அப்படி, ரேஷன் வரிசையும் அப்படி, மாதச் சீட்டும் அப்படி. இடம் போதாத இந்தக் கேம்ப் ஓடுவதே இப்படிச் சொல்லி வைத்த ஒழுங்கினால்தான். அந்த ஒழுங்குதான் என்னைப் பல வருஷம் தாங்கிப் பிடித்தது.

சொல்லாத விதிகள் இருக்கும் இடங்களில் நான் விழுந்தேன். கல்யாண வீடு, சடங்கு வீடு, சாவு வீடு. எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எந்த இடத்தில் மாரில் அடித்துக்கொள்வது, எந்த இடத்தில் காபி கேட்பது, இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எல்லாருக்கும் தானாகத் தெரிந்திருக்கிறது. என் அப்பா ஊரில் செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. தாயும் மகளும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தோம் என்று ஊர் ஒரு வருஷம் பேசியது. அப்பாவை நினைத்து நான் அழுதது எட்டு மாதம் கழித்து, மாட்டுங்கா ஸ்டேஷனில், ஒரு குப்பை லாரியின் ஹாரன் கேட்டபோது.

எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒன்று நிறைந்து மூன்றானது. எங்கள் சந்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊர், எந்த வருஷம் வந்தார்கள், முதலில் யார் கோலியில் இறங்கினார்கள், யாருக்கு யார் என்ன முறை, எல்லாம் அதில் இருக்கும். பத்து வயதில் தொடங்கினேன். மற்ற பிள்ளைகள் பாண்டி விளையாடும்போது நான் ஆச்சிகளிடம் போய் வருஷம் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் இடித்தால் தூக்கம் வராது. இதே போல ஒரு பையன் ரயில் வண்டிகளைப் பற்றியோ விசிறிகளைப் பற்றியோ எழுதி வைத்திருந்தால் யாராவது என்னடா இது என்று கேட்டிருப்பார்கள். உறவுமுறையைத் தெரிந்து வைத்திருக்கிற பெண்பிள்ளையை யார் கேட்கப் போகிறார்கள்? கெட்டிக்காரி என்றார்கள். ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளைகள் பலரின் ஆர்வம் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும், அதில் அவர்கள் மூழ்கிக் கிடக்கும் ஆழம்தான் வேறாக இருக்கும் என்று பின்னால் படித்தேன். என் மூன்று நோட்டுகளும் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

அந்த நோட்டால் ஒரு கேடும் நடந்தது. ஒரு சம்பந்தப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கூப்பிட்டுப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஊரில் முதல் தாரம் இருந்ததைச் சொன்னேன். கேட்டார்கள், சொன்னேன். அந்த இடம் முறிந்தது. ஒரு கேள்விக்கு நேரான பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விழும் என்று எந்தக் குழாயடியிலும் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வேண்டுமென்றே செய்தாள், பொறாமை என்றார்கள். அந்த அக்காவுக்கு வேறு இடத்தில் நல்ல வாழ்க்கை அமைந்தது. ஆனாலும் அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் தீவிரமாக நடிக்கத் தொடங்கினேன். எதிர் கோலி அக்கா தலையைச் சாய்த்து 'அப்படியா மதினி' என்பாள், அதைப் பழகினேன். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்கும்போது நடிகைகள் ஆறுதல் சொல்லும் காட்சிகளை மனப்பாடம் செய்தேன். பேசுகிறவர் கண்ணைப் பார்க்க முடியாததால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்க்கப் பழகினேன். ஒரு விசேஷ வீட்டுக்குப் போகும் முன் என்னவெல்லாம் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று சமைக்கும்போதே ஒத்திகை பார்ப்பேன். போய் வந்த பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடப்பேன்.

இதை ஆராய்ச்சிக்காரர்கள் முகமூடி போடுதல் என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் வேண்டாம், அந்த வேலை நம் எல்லார் வீட்டிலும் நடந்த வேலை. 1966-இல் சிவசேனா தொடங்கி, தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோபம் கிளப்பிவிடப்பட்ட நாட்களில் ரயிலில் தமிழ் பேசாதே என்று சொல்லித்தான் நம் ஆச்சிகள் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பினார்கள். வாய் திறந்தால் தெரிந்துவிடும் என்று தாதர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். வேலைக்குப் போன இடத்தில் ஊர் பெயரையும் தெரு பெயரையும் மாற்றிச் சொன்னவர்கள் இருப்பீர்கள். வீடு வாடகைக்குக் கேட்கும்போது எதைச் சமைப்போம் என்பதைக்கூட மறைத்தவர்கள் இருப்பீர்கள். மறைத்துவிட்டு வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் ஒரு களைப்பு வருமே, அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இந்தச் சந்துக்குள் நுழைந்ததும் அது இறங்கிவிடும். எனக்கு இந்தச் சந்துக்குள் நுழைந்த பிறகும் இறங்காது. இங்கேயும் மறைத்தேன். கட்டிய புருஷனிடம்கூட மறைத்தேன். மறைக்கிறேன் என்று தெரியாமலே மறைத்தேன்.

இப்போது பிள்ளை பெற்ற கதைக்கு வருகிறேன்.

தலைப்பேறு ஊரில் நடக்க வேண்டியது. அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இங்கேயே நடந்தது. மதினிமார் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அதில் குறை இல்லை. காய மருந்து அரைத்துக் கொடுத்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு ஆச்சி தினமும் வந்தாள். நாற்பது நாளும் கோலியில் ஆள் குறையவில்லை. ஒவ்வொருவரும் பிள்ளையைப் பார்த்தார்கள், என்னைத் தொட்டுப் பார்த்தார்கள், எப்படிப் படுக்க வேண்டும், எப்படிப் பால் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். பால் கொடுக்கும்போது உப்புத்தாளைத் தோலில் இழுப்பது போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன். பிள்ளை அழும்போது அந்தச் சத்தம் காதுக்குள் கம்பியாக இறங்கும். அவன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவன் விரல்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துத்தான் என்று தெரிந்தும் எண்ணுவேன். பாசம் இருந்தது. பாசம் இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குக் காட்டுகிற முகம் மட்டும் அன்றைக்கு என்னிடம் மிச்சம் இல்லை. மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஒத்திகை பார்க்க முடியுமா?

என் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். "நீ படுத்துக்கோ, நான் தண்ணி பிடிக்கேன்" என்று குடத்தை வாங்கிக்கொண்டார். அந்த ஒன்றுதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு நாளில் எனக்கென்று இருந்தது நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அந்தக் குழாயடி மட்டும்தான். இருட்டு, தண்ணீர் விழும் ஒரே சத்தம், எனக்குத் தெரிந்த விதிகள். அது போனதும் ஒன்றுமே இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அப்போது எனக்கே தெரியாது. உதவி செய்த மனுஷனிடம் எரிந்து விழுந்தேன்.

பதினோராவது வாரம் ஒரு நாள் சண்டாஸுக்குப் போனவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வரவே இல்லை. இந்தக் கேம்பில் ஒரு பெண் தனியாக இருப்பதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். நாற்றத்தை நான் பொருட்படுத்தவில்லை. வெளியே டப்பாவோடு நின்றவர்கள் கதவை இடித்தார்கள். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். மனச்சோர்வு இருந்தது உண்மை. மாத்திரை கொஞ்சம் கேட்டது. அது எதிலிருந்து முளைத்தது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் வந்ததாக நினைத்தேன். 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள 355 தாய்மார்களையும் இல்லாத 132 தாய்மார்களையும் கேட்டிருந்தார்கள். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் மனச்சோர்வு, வீட்டு வேலையைச் சமாளிப்பதில் திணறல், பிள்ளையைப் பற்றி டாக்டர்களிடமும் டீச்சர்களிடமும் பேசும்போது வாயடைத்துப் போவது, மோசமான தாய் என்று நினைப்பார்களோ என்ற பயம், இவையெல்லாம் ஆட்டிசம் உள்ள தாய்மார்களிடம் அதிகம் இருந்தன. பிள்ளையின் தேவையைத் தன் தேவைக்கு முன்னால் வைப்பதிலோ இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. நான் அதை நாலு முறை படித்தேன். அந்த வரிக்காக மட்டும்.

பையனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பாட்டில் மூடிகளை நிறவாரியாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் தலையைச் சுவரில் முட்டுவான். மற்றவர்களுக்கு அது விசித்திரம். எனக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை, மூடி இருந்த இடத்தில்தானே இருக்க வேண்டும்? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சத்தம் கேட்டால் காதைப் பொத்துவானா? சட்டை லேபிள் உறுத்துகிறது என்று அழுவானா? போகிற வழி மாறினால் தாங்குவானா? நான் எல்லாவற்றுக்கும், "ஆமா, அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே டாக்டர், எனக்கும் உண்டே" என்றேன். ஆறாவது கேள்வியில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது எல்லாருக்கும் இல்லை" என்றார்.

பையனுக்கு அன்றைக்கே பெயர் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பெயர் வர இன்னும் நாலு வருஷம் ஆனது. இடையில் எனக்குக் கிடைத்தது பழி. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள். போனைக் கொடுத்துக் கெடுத்தாள். கொஞ்சவே மாட்டாள், அதனால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. இந்தக் கடைசிப் பழி நம் சந்தில் பிறந்தது இல்லை, படித்த நாடுகளில் டாக்டர்களே சொன்னது.

அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசம் என்று எழுதியபோது பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எட்டு ஆண், மூன்று பெண். பெற்றோர்கள் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் எழுதினார். அதிலிருந்து ஒரு கொள்கை வளர்ந்தது. தாய் ஐஸ் பெட்டி மாதிரி இருந்ததால் பிள்ளை உள்ளே சுருண்டுவிட்டது என்றார்கள். 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் அதை ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிறகு 1977-இல் இரட்டைப் பிள்ளைகள் 21 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது அதிகம் என்று தெரிந்தது. ரத்தத்தில் வருவது, வளர்ப்பில் வருவது இல்லை என்று பலரும் திரும்ப அது வழி செய்தது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது, இருந்தாலும் சொல்கிறேன். பரம்பரையாக வருவது என்றால், கொஞ்சத் தெரியாத தாய் என்று அன்றைக்கு எழுதப்பட்டவர்களில் சிலர் என்னைப் போன்றவர்களாக இருந்திருக்க மாட்டார்களா? டாக்டர்கள் அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துக் குளிர்ச்சி என்று குறித்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றேதான் என்று குறிக்கத் தோன்றவில்லை. வந்தவளைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். அதனால் கண் முன்னால் உட்கார்ந்திருந்தவளைக் காணவில்லை.

பெண்பிள்ளைகளைக் கண்டவர் ஒருவர் இருந்தார். மாஸ்கோவில் குருனியா சுகரேவா என்ற பெண் டாக்டர், கானருக்கெல்லாம் முன்னால், 1925-இல் ஆறு பையன்களைப் பற்றி எழுதினார். இரண்டு வருஷம் கழித்து 1927-இல் பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதினார். அவர் எழுதியது ஆங்கிலத்துக்கு வரவே 1996 ஆனது, அதுவும் பையன்களைப் பற்றியது. பெண்பிள்ளைகள் பற்றியது அதற்கும் பின்னால். லண்டனில் லோர்னா விங் என்ற டாக்டர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளுக்குத் தாய். பேசத் தெரிந்தவர்களிடமும் படித்தவர்களிடமும் ஆட்டிசம் இருக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள 1981-இல் அவர் எழுதிய கட்டுரை பெரிய காரணம். ஒரு தாய் எழுதியபோதுதான் கதவு திறந்தது என்று நான் சொல்வேன். 1999-இல் லியான் ஹாலிடே வில்லி என்ற அமெரிக்கப் பெண், தன் மகளுக்குப் பெயர் சொன்னபோது தன்னையே அடையாளம் கண்ட கதையைப் புத்தகமாக எழுதினார். அது எனக்கும் நடந்த கதை. அவருக்கும் எனக்கும் மொழி ஒன்றில்லை, தொழில் ஒன்றில்லை, கதை ஒன்றுதான்.

நாலு ஆணுக்கு ஒரு பெண் என்று வெகுகாலம் கணக்குச் சொன்னார்கள். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்பதுதான் கிட்டத்தில் வரும் என்றார்கள். பெண்களில் பலர் கணக்குக்கே வருவதில்லை. 2013-இல் திருத்திய அமெரிக்க மனநல நூலில், அறிகுறிகள் சிறு வயதில் முழுதாகத் தெரியாமல் இருக்கலாம், பிற்பாடு பழகிக்கொண்ட தந்திரங்களால் மறைந்தும் இருக்கலாம் என்று சேர்த்தார்கள். எதிர் கோலி அக்காவின் தலைச்சாய்ப்பு அந்தத் தந்திரங்களில் ஒன்று.

என் பையனைப் பார்த்துவந்த இடத்திலேயே ஒரு உளவியல் நிபுணர் என்னையும் உட்கார வைத்துக் கேட்டார். ஆறு சனிக்கிழமை. அம்மாவுக்குப் போன் போட்டு என் சின்ன வயதைக் கேட்டார். மூன்று நோட்டுகளையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் அழவில்லை. மாட்டுங்கா இசட் பிரிட்ஜ் வழியாக நடந்து வந்தேன். ஒவ்வொரு படியிலும் ஒரு பழைய சம்பவம் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. முறிந்த சம்பந்தம், எட்டு மாதம் கழித்து வந்த அழுகை, சண்டாஸ் கதவு. கெட்டவள் என்று எழுதி வைத்திருந்த பக்கங்களையெல்லாம் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

என்னிடம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடையாது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. அளப்பதற்கு நம் நாட்டில் 40 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை போடுவார்கள், கூட்டுத்தொகை 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. கண்ணைப் பார்க்கிறாரா என்றால் நான் புருவத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா என்றால் ஒத்திகை பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் பாடுபட்டுக் கற்றது அங்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்த அளவுகோல் என் பையனைப் போன்றவர்களுக்கு உதவியிருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மறைத்து வாழப் பழகிய பெரிய மனுஷிகளைப் பார்க்க வேறு கண் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

2012-இல் டேமியன் மில்டன் என்பவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்துச் சொன்னார். புரியாமல் போவது ஒரு பக்கத்துக் குறை இல்லை, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததுதான் என்றார். இது நமக்குப் புதிதா? மராத்தி தெரியாத நம் ஆச்சியும் தமிழ் தெரியாத அவள் பக்கத்துக் கோலிக்காரியும் கைஜாடையில் ஐம்பது வருஷம் உப்பும் சீனியும் மாற்றி வாழ்ந்திருக்கிறார்கள். யாருக்கு மூளை சரியில்லை என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் பாதி வழி வந்தார்கள்.

அந்தப் பாதி வழியைத்தான் உங்களிடம் கேட்கிறேன். என்னிடம் ஒன்று வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்: "எனக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, நீ பக்கத்துல உக்காந்தா போதும், பேச வேண்டாம்." உட்காருகிறேன். குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நாலு மணி மறுபடியும் என்னுடையது. மதினி ஒருத்தி சாவு வீட்டுக்குப் போகும் முன்னால் என் காதில் சொல்வாள், அரை மணி நேரம் இருந்தால் போதும், போனதும் மூத்தவள் கையைப் பிடி என்று. சாவு வீட்டுக்கு நான் வந்தால் எனக்கு ஒரு வேலை கொடுங்கள். டம்ளர் எண்ணச் சொல்லுங்கள், தேத்தண்ணி ஊற்றச் சொல்லுங்கள், ஊருக்குப் போன் போட வேண்டிய பெயர்களை எழுதச் சொல்லுங்கள். எல்லார் நம்பரும் என்னிடம் இருக்கிறது. நான் அழாவிட்டாலும் அந்தச் சாவு எனக்குள் இறங்கியிருக்கிறது என்று நம்புங்கள்.

பேசாத ஒரு சின்னப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சீக்கிரம் போங்கள். நன்றாகப் படிக்கிற, சொன்ன பேச்சைக் கேட்கிற, விருந்தாளி வந்தால் பரண் மேல் ஏறிக்கொள்கிற பெண்பிள்ளை இருந்தால் அவளைக் கீழே இழுக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்கிறார்கள். 350 சதுர அடியா, 500 சதுர அடியா என்று நம் ஆட்கள் வாதாடுகிறார்கள். வாதாட வேண்டும், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும். அந்த வீட்டுக்குள் ஒரு அறைக்கு, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு. என் பையனுக்கும் வேண்டும். இந்தக் கேம்பில் எத்தனை பெண்கள் காரணம் தெரியாமலே அப்படி ஒரு கதவைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களுக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்து நாலு. எனக்கு டாக்டர் சொன்ன பெயரையும், அது எப்படி இருக்கும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "இதுக்கு மருந்து உண்டாட்டி?" என்றாள். இல்லை என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்கப்பா செத்தன்னைக்கு நான் அழலன்னு ஊரே பேசிச்சில்லா. நான் அண்ணாந்து கூரையில ஓட்ட எண்ணிக்கிட்டுல்லா கெடந்தேன். எரநூத்திப் பன்னெண்டு. இன்னைக்கு வரைக்கும் மறக்கல."